அமெரிக்காவின் வனாந்தர நிலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தனக்குச் சொந்தமான பொது நிலங்களில் ஒரு பகுதியைச் சட்டத்தின் வழியே ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்து, அதில் சாலையும் எந்திரமும் நுழையாதபடி காத்து வருகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

‘வில்டர்னஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? காடு என்றால் போதாதா?

போதாது. இவ்வாறு அறிவிக்கப்பட்ட இடங்களில் அரிசோனாவின் பாலைநிலமும், ஜார்ஜியாவின் ஓக்கிஃபனோக்கி சதுப்பும், அலாஸ்காவின் பனியாறுகளும், மரமே முளைக்காத துருவச் சமவெளியும் அடக்கம். தமிழ் விவிலியத்தில் ‘வனாந்தரம்’ என்ற சொல் இதே பொருளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இஸ்ரவேலர் நாற்பது ஆண்டு அலைந்து திரிந்த வனாந்தரத்தில் மரங்கள் அதிகம் இல்லை. ஆகவே இங்கும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் தரும் வரையறையின் சாரம் இது: நிலமும் அதன் உயிர்க்கூட்டமும் மனிதனால் தளையிடப்படாமல் இருக்கும் இடம், அங்கே மனிதன் வந்து போகும் விருந்தாளியே தவிர, தங்கிவிடுபவன் அல்லன். ‘தளையிடப்படாத’ என்பதைப் பலர் ‘மனிதக் கை படாத’ என்று தவறாகப் படித்துவிடுகிறார்கள். சட்டத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லின் வேர் மீன்வலையையும் குதிரையின் காலில் பூட்டும் தளையையும் குறிப்பது. தளையை அவிழ்த்துவிட்ட மாடு மனிதக் கை படாத மாடு அல்ல. தன் போக்கில் மேயும் மாடு, அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், பின்வரும் பல கேள்விகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொது நிலம் என்றால் நம் ஊர்ப் புறம்போக்கு போன்றதா?

உடைமை என்ற அளவில் ஓரளவு ஒப்பிடலாம்; நடைமுறையில் ஒப்பிட முடியாது. அமெரிக்க நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக, ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. இதில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் உள்ளது. தேசியப் பூங்கா சேவை, வனச் சேவை, மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை, நில மேலாண்மைப் பணியகம் ஆகிய நான்கு துறைகளின் பொறுப்பில் உள்ள நிலங்களே வனாந்தரமாக அறிவிக்கப்படுகின்றன. அறிவித்த பிறகும் நிலம் துறை மாறுவதில்லை. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த துறையே, கூடுதல் கட்டுப்பாட்டுடன், தொடர்ந்து பார்த்துக்கொள்கிறது.

இன்று 800-க்கும் மேற்பட்ட வனாந்தரப் பகுதிகள், மொத்தம் 11 கோடி ஏக்கருக்கு மேல், இச்சட்டத்தின் கீழ் உள்ளன. தமிழ்நாட்டின் பரப்பைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம் இது. ஆனால் அதில் பாதிக்கு மேல் அலாஸ்காவிலேயே கிடப்பதால், மற்ற மாநிலங்களில் மொத்த நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு கூடத் தேறாது. மிகப் பெரியது அலாஸ்காவின் ராங்கல் செயின்ட் எலையஸ், 90 இலட்சம் ஏக்கருக்கு மேல். மிகச் சிறியது ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவு, சுமார் ஐந்தரை ஏக்கர்.

தேசியப் பூங்காவும் இதுவும் ஒன்றுதானே?

அல்ல. தேசியப் பூங்காவுக்குள் தங்கும் விடுதி, உணவகம், தார்ச்சாலை, வாகன நிறுத்தம் எல்லாம் இருக்கலாம். வனாந்தரத்துக்குள் இவற்றில் எதுவும் இருக்க முடியாது. யோசெமிட்டி பூங்காவில் பேருந்தும் கூட்டமும் நிறைந்த பள்ளத்தாக்கு நீங்கலாக, ஏறத்தாழ 94 விழுக்காடு நிலம் 1984-இல் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. உலகம் அறிந்த யெல்லோஸ்டோனில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட வனாந்தரம் ஓர் ஏக்கர் கூடக் கிடையாது. 1972-இலேயே பரிந்துரை சென்றது. காங்கிரஸ் (கட்சி அன்று, அமெரிக்க நாடாளுமன்றம்) இன்னும் சட்டம் இயற்றவில்லை. பூங்கா நிர்வாகம் அந்நிலங்களை வனாந்தரமாகவே பாவித்து நடத்திவருகிறது என்பது வேறு செய்தி.

இந்தச் சட்டம் எப்படி வந்தது?

சட்டத்துக்கு நாற்பது ஆண்டு முன்பே எண்ணம் வந்துவிட்டது. நியூ மெக்சிகோவில் வனச் சேவையில் பணியாற்றிய ஆல்டோ லியோபோல்டின் முயற்சியால், ஹீலா தேசிய வனத்தின் பெரும்பகுதி 1924-இல் சாலை போடாத வனாந்தரமாக ஒதுக்கப்பட்டது. ஆனால் அது துறையின் உத்தரவு மட்டுமே. சில ஆண்டுகளுக்குள் நடந்ததைப் பாருங்கள்: கொன்றுண்ணிகளை ஒழித்துவிட்டதால் அங்கே மான்கள் பெருகிவிட்டன, அவற்றைக் குறைக்க வேட்டைக்காரர்கள் வண்டியில் வர வழி வேண்டும் என்று 1930-களின் தொடக்கத்தில் அந்த வனாந்தரத்தின் நடுவே ஒரு சாலை திறக்கப்பட்டது. ஒன்றாகக் கிடந்த நிலம் இரண்டானது; இன்றுவரை இரண்டாகவே இருக்கிறது. கிழக்கே பிரிந்துபோன துண்டுக்கு 1980-இல் லியோபோல்டின் பெயரையே சூட்டினார்கள். அதிகாரி ஒருவரின் பேனா கொடுத்ததை இன்னோர் அதிகாரியின் பேனா எடுத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1950-களில், பூங்கா சேவையின் காவலில் இருந்த டைனசோர் தேசிய நினைவுச்சின்னம் என்ற நிலப்பகுதிக்குள், எக்கோ பார்க் என்ற இடத்தில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, பூங்கா என்ற பெயர்கூட முழுப் பாதுகாப்பல்ல என்பது புரிந்தது. அந்த அணை 1956-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வனாந்தர மசோதா அறிமுகமானது. செனட்டில் ஹூபர்ட் ஹம்ஃப்ரியும் கீழவையில் பென்சில்வேனியாவின் ஜான் செய்லரும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, அதைக் கொண்டுவந்தார்கள். எழுதியவர் வனாந்தரங்களைக் காக்கப் பாடுபட்ட வில்டர்னஸ் சொசைட்டி என்ற அமைப்பின் ஹோவர்ட் சானைசர். எட்டு ஆண்டுகள், 18 பொது விசாரணைகள், 66 வரைவுகள் என்று அந்த உழைப்பைக் கணக்கிடுவார்கள். ‘தளையிடப்படாத’ என்ற சொல் யாருக்கும் விளங்காது, மாற்றிவிடுங்கள் என்று நண்பர்களே சொன்னபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1964 மே மாதம் அவர் காலமானார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 3 அன்று, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டபோது சானைசரின் மனைவி அங்கே இருந்தார். அன்று 54 இடங்கள், 91 இலட்சம் ஏக்கர் உடனடியாக வனாந்தரமாயின.

எவையெல்லாம் தடை செய்யப்பட்டுள்ளன?

நிரந்தரச் சாலையும் வணிக நிறுவனமும் அறவே கூடாது. தற்காலிகச் சாலை, மோட்டார் வாகனம், மோட்டார் கருவி, மோட்டார் படகு, வானூர்தி இறக்கம், எந்திரப் போக்குவரத்து, கட்டடம் ஆகியவையும் கூடாது. ஆனால் வனாந்தரத்தை வனாந்தரமாகவே நிர்வகிக்க இன்றியமையாத குறைந்தபட்ச அளவுக்கு மட்டும் இவற்றுக்கு விலக்கு உண்டு. ஒருவர் உயிருக்குப் போராடும்போது ஹெலிகாப்டர் இறங்கலாம். மனிதர்கள் நடந்து போகலாம், கூடாரம் அடிக்கலாம், குதிரையில் செல்லலாம், துடுப்புப் படகு வலிக்கலாம், மீன் பிடிக்கலாம். பூங்கா நிலங்கள் நீங்கலான பெரும்பாலான இடங்களில் மாநில விதிகளுக்கு உட்பட்டு வேட்டையும் ஆடலாம். தடை மனிதனுக்கு அல்ல, அவன் பின்னால் வரும் எஞ்சினுக்கு என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அப்படியானால் பாதையில் மரம் விழுந்தால் ஊழியர்கள் என்ன செய்வார்கள்?

இருவர் இழுக்கும் நீள ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்துபோய் அறுப்பார்கள். சங்கிலி ரம்பம் மோட்டார் கருவி ஆயிற்றே. சட்டம் பொதுமக்களைக் கட்டுப்படுத்துவது போலவே அரசின் ஊழியரையும் கட்டுப்படுத்துகிறது. ஆறடி நீள எஃகுத் தகட்டின் இரு முனையிலும் மரக் கைப்பிடி. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் பிடியைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். பல்லைச் சரியாகத் தீட்டிய ரம்பம் மரத்தூளைக் கொட்டாது. இடியாப்பம் போல நீள நீளமான சீவல்களை வெளியே இழுத்துப் போடும். அந்தச் சீவலின் நீளத்தை வைத்தே ரம்பம் எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். உணவும் கருவிகளும் கோவேறு கழுதைகளின் முதுகில் வரும். மற்ற இடங்களில் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்ட இந்தக் கைத்தொழில்கள் வனச் சேவையில் இன்றும் கற்றுக்கொடுக்கப்படுவதற்கு இச்சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கண்டிப்பு சில சமயம் எல்லை மீறியதாகத் தோன்றுவதும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கிளேசியர் பீக் வனாந்தரத்தில், கிரீன் மௌண்டன் மலையுச்சியில் 1933-இல் கட்டப்பட்ட தீக்காவல் குடில் ஒன்று உண்டு. சிதைந்த அதை வனச் சேவை ஹெலிகாப்டரின் துணையோடு புதுப்பித்தது. வனாந்தரச் சட்டம் மீறப்பட்டதென வழக்கு தொடரப்பட்டது. குடிலை அகற்றும்படி 2012-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. உள்ளூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2014-இல் காங்கிரஸ் அந்த ஒரு குடிலுக்காகத் தனிச் சட்டம் இயற்றி அதைக் காப்பாற்றியது. வழக்குத் தொடுத்தவர்களின் வாதம் சட்டப்படி சரியானதே என்று எனக்குத் தோன்றுகிறது. குடில் நின்றதிலும் எனக்கு வருத்தமில்லை.

சைக்கிளுக்கு என்ன குற்றம்? அதில் எஞ்சின் இல்லையே?

சட்டத்தில் மோட்டார் வாகனத்தோடு ‘எந்திரப் போக்குவரத்து’ என்பதும் தனியாகத் தடை செய்யப்பட்டுள்ளது. வனச் சேவை 1984-இல் தன் விதிகளில் சைக்கிளும் அதில் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. குதிரையின் குளம்பு பாதையைச் சைக்கிளைவிட அதிகம் கெடுக்கிறதே என்ற அவர்களின் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சட்டம் பாதையின் தேய்மானத்தை மட்டும் அளக்கவில்லை. ஒரு நாளில் எவ்வளவு தொலைவு போக முடிகிறதோ அதைப் பொறுத்தே நிலம் பெரிதாகவும் சிறிதாகவும் ஆகிறது. நடந்து கடக்க மூன்று நாள் பிடிக்கும் நிலம் சக்கரத்துக்கு ஒரு நாள் வேலை. சக்கர நாற்காலிக்கு மட்டும் தடையில்லை: மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய சக்கர நாற்காலியை வனாந்தரத்துக்குள்ளும் கொண்டுசெல்லலாம் என்று உறுதிசெய்துள்ளது.

மேய்ச்சலும் சுரங்கமும் அனுமதிக்கப்பட்டுள்ளன என்கிறார்களே?

உண்மைதான். மசோதா நிறைவேறுவதற்காகக் கொடுத்த விலை அது. 1964-க்கு முன்பிருந்தே நடந்துவந்த கால்நடை மேய்ச்சல் தொடரலாம் என்று சட்டமே சொல்கிறது. சுரங்கத்தைப் பொறுத்தவரை, தேசிய வனங்களில் உள்ள வனாந்தரங்களில் புதிய உரிமை கோருவதற்கு 1983 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. பிறகு கதவு மூடப்பட்டது. முன்பே பெற்ற செல்லத்தக்க உரிமைகள் மட்டும் நிற்கின்றன. ஐடஹோவின் ஃபிராங்க் சர்ச் வனாந்தரத்தில் பழைய விமான ஓடுதளங்களும் ஆற்றில் மோட்டார் படகுகளும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன, அவை அறிவிப்புக்கு முன்பே இருந்ததால்.

காட்டுத்தீயை அணைப்பார்களா?

அணைக்கச் சட்டம் இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. 1935 முதல் வனச் சேவையின் கொள்கை, எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது. பல பத்தாண்டுகள் இப்படி அணைத்ததால், சிறு தீயில் எரிந்து தீர வேண்டிய சருகும் புதரும் சேர்ந்து பெருந்தீக்கு விறகாயின. 1972-இல் செல்வே பிட்டர்ரூட் வனாந்தரத்தில், மின்னல் பற்றவைத்த ஒரு தீயைத் தானாக எரிய விட்டார்கள். அது மிகச் சிறிய இடத்தை எரித்துவிட்டு அடங்கிப்போனது; ஆனால் நெருப்பைக் கண்டும் கை கட்டி நிற்பது அத்துறைக்குப் பெரிய மனமாற்றம். பின்னாளில் நாடு முழுவதும் தீ மேலாண்மை மாறியதில் அந்த வனாந்தரத்தின் அனுபவத்துக்குப் பங்குண்டு.

புதிதாக ஓர் இடத்தை வனாந்தரமாக்க வேண்டுமென்றால்?

பொதுவாக 5,000 ஏக்கருக்குக் குறையாமலோ, குறைந்தாலும் தனித்துக் காக்கத்தக்க அளவிலோ இருக்க வேண்டும். துறை ஆய்வு செய்து பரிந்துரைக்கலாம்; குடிமக்கள் வரைபடம் போட்டுத் தங்கள் உறுப்பினரிடம் கொடுக்கலாம். ஆனால் முடிவு காங்கிரஸின் இரு அவைகளுடையது. குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் சட்டம் வேண்டும் என்ற இந்த நிபந்தனையை வற்புறுத்தியவர் கொலராடோவின் வெயின் ஆஸ்பினால். கீழவையின் உள்துறைக் குழுத் தலைவராக இருந்து மசோதாவை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தவர். வனாந்தரம் பெருகாமல் இருக்க இதுவே நல்ல பூட்டு என்று அவர் கருதியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. இடத்துக்கு இடம் சட்டம் தேவைப்பட்டதால், ஊருக்கு ஊர் மக்கள் குழுக்கள் உருவாயின. பண்ணையாரோடும் வேட்டைக்காரரோடும் மரம் வெட்டுபவரோடும் உட்கார்ந்து எல்லைக்கோட்டை வளைத்து நெளித்துப் பேசிமுடித்தார்கள். 1980-இல் அலாஸ்காவுக்கான சட்டம் மட்டும் 5 கோடியே 60 இலட்சம் ஏக்கரைச் சேர்த்தது. 2019 மார்ச்சில் ஜான் டிங்கெல் பெயரிலான சட்டம், யூட்டாவின் சான் ரஃபேல் பகுதி உட்பட, சுமார் 13 இலட்சம் ஏக்கரைச் சேர்த்தது. அலாஸ்கா சட்டத்தில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், டிங்கெல் சட்டத்தில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்.

ஆட்சி மாறினால் அறிவிப்பை நீக்கிவிட முடியாதா?

காங்கிரஸ் இன்னொரு சட்டம் இயற்றினால் முடியும். குடியரசுத் தலைவரோ அமைச்சரோ தம் உத்தரவால் நீக்க முடியாது. வேறுபாட்டை உணர யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுச்சின்னத்தைப் பார்க்கலாம். 1906-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ், ஒபாமா 2016-இல் தம் அதிகாரத்தால் அதை அறிவித்தார். 2017-இல் டிரம்ப் அதில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெட்டினார். 2021-இல் பைடன் மீட்டார். தேசிய வனங்களில் சாலையற்ற 5 கோடியே 85 இலட்சம் ஏக்கரைக் காக்க வந்த 2001-ஆம் ஆண்டு விதியும் அப்படியே: அலாஸ்காவின் டோங்காஸ் வனத்துக்கு 2020-இல் அது நீக்கப்பட்டது, 2023-இல் திரும்ப வந்தது. வனாந்தரச் சட்டத்தின் கீழ் வந்த நிலம் இந்த ஊசலாட்டத்திலிருந்து தப்பிக்கிறது.

ஓர் உயிரினம் அழியும் நிலையில் இருந்தாலும் தலையிடக் கூடாதா?

விடை எளிதாக இல்லாத கேள்வி இது. சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவு தேசியப் பூங்கா. அதன் நிலம் ஏறத்தாழ முழுவதும் வனாந்தரம். 1940-களின் இறுதியில் உறைந்த ஏரியின் மேல் நடந்து ஓநாய்கள் அங்கே வந்து சேர்ந்தன; தீவின் மூஸ் மான்களைத் தின்று வாழ்ந்தன. ஏரி உறையும் ஆண்டுகள் குறையக் குறைய புது ஓநாய்கள் வருவது நின்றது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, கடைசியில் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. மூஸ் மான்கள் 2,000 வரை பெருகித் தாவரங்களை மொட்டையடித்தன. ஓநாய்கள் தாமாக வந்தன, தாமாகப் போகட்டும், அதுவே தளையிடாமை என்றது ஒரு தரப்பு. பனிப்பாலத்தை இல்லாமல் ஆக்கியதே நாம் வெப்பமாக்கிய வானிலைதான், ஆகவே தளை ஏற்கெனவே விழுந்துவிட்டது, அதை அவிழ்ப்பது எப்படிக் குற்றமாகும் என்றது மறுதரப்பு. பூங்கா சேவை 2018-இல் இரண்டாவது வாதத்தின் பக்கம் சாய்ந்து, அந்த ஆண்டும் மறு ஆண்டுமாக மினசோட்டா, மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ ஆகிய இடங்களிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது. என் சாய்வும் அந்தப் பக்கமே. ஆனால் முதல் தரப்பு கேட்டது அதோடு தீரவில்லை: இன்று ஓநாய் என்றால் நாளை எந்த மரம், அடுத்து எந்தப் பூச்சி, எங்கே நிறுத்துவது?

பழங்குடிகள் வாழ்ந்த நிலத்தை ‘மனிதர் தங்காத இடம்’ என்பது நியாயமா?

நியாயமில்லை. ஹீலா வனாந்தரம் அப்பாச்சி மக்களின் தாயகம். அதன் நடுவே குன்றுக் குகைகளுக்குள் மொகொயோன் மக்கள் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லால் கட்டிய வீடுகளின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்த மனிதர்கள் படையெடுப்பாலும் ஒப்பந்த மீறலாலும் வெளியேற்றப்பட்ட பிறகே பல நிலங்கள் வெறுமையாகத் தோன்றின. அந்த வெறுமையைப் பார்த்து எழுதிய வரையறையில் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பின்னால் வந்த அலாஸ்கா சட்டம் ஓரளவு திருந்தியது: பிழைப்புக்காக வேட்டையாடும் கிராமப்புற மக்கள் வனாந்தரத்துக்குள் பனிவண்டியும் மோட்டார் படகும் பயன்படுத்த அது இடமளிக்கிறது.

வேறு நாடுகளில் இத்தகைய சட்டம் உண்டா?

உண்டு; தமிழர் வாழும் நாடொன்றிலேயே உண்டு. இலங்கை 1988-இல் தேசிய மரபுரிமை வனாந்தரப் பகுதிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, சிங்கராஜ மழைக்காட்டை அதன் கீழ் கொண்டுவந்தது. 1970-களில் ஒட்டுப்பலகை ஆலைக்காக எந்திரங்கள் இறங்கி மரம் வெட்டிய காடு அது. அதே 1988-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

பழங்குடிகளே தங்கள் நிலத்தை வனாந்தரமாக்கியதுண்டா?

மொன்டானாவில் உண்டு. பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஃபிளாட்ஹெட் நிலத்தின் சேலிஷ், கூட்டெனாய் பழங்குடிகளின் கூட்டமைப்பு, 1982-இல் தன் மன்றத்தின் ஆணையால் மிஷன் மலைத்தொடரில் சுமார் 92,000 ஏக்கரை வனாந்தரமாக அறிவித்தது. அது கூட்டாட்சி அரசின் சட்டத்தின் கீழ் வருவதன்று. காவலும் விதியும் அவர்களுடையவை. அங்கே மெக்டொனால்ட் சிகரத்தைச் சுற்றியுள்ள பகுதி ஆண்டுதோறும் கோடையின் நடுவில் மூடப்படுகிறது. அந்த வாரங்களில் உச்சிப் பாறைகளின் இடுக்குகளில் பொறிவண்டுகளும் அந்துப்பூச்சிகளும் கூட்டம் கூட்டமாக அடைந்திருக்கும். கிரிஸ்லி கரடிகள் மேலேறிப் போய்க் கற்களைப் புரட்டிப் புரட்டி அவற்றைத் தின்னும். அவை தின்று முடித்துக் கீழே இறங்கும் வரை மலையேறுபவர்கள் வேறு சிகரத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.